புகை குறைந்தால் வண்டி சரியாகிவிட்டதா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டீசல் வண்டிகள் பார்க்கும் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பொல்யூஷன் டெஸ்டில் ஃபெயில் என்று சீட்டோடு வருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எப்படியாவது பாஸ் ஆகிற மாதிரி பண்ணிக் குடுங்க." வண்டியில் என்ன கோளாறு என்று கேட்பவர்கள் அபூர்வம்.

போன மாதம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். 2018 மாடல், பிஎஸ் 4 வண்டி. பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்திருக்கும் தரம், எண் கூடக் கூட கட்டுப்பாடும் கூடும். பிஎஸ் 4-க்கு புகை வரம்பு 1.62. அவர் சீட்டில் 2.3 என்று இருந்தது. இந்த எண் என்னவென்றால், ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதித்து விடும்போது வரும் புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்ற அளவு. பிஎஸ் 3 வரையிலான பழைய வண்டிகளுக்கு 2.45 வரை விடுவார்கள், பிஎஸ் 6 என்றால் 0.7 தான். எஞ்சின் நன்றாகச் சூடேறாமல் டெஸ்டுக்குப் போனால் நல்ல வண்டியும் தோற்கும். டவுனுக்குள்ளேயே உருட்டிய வண்டியின் குழாயில் கரி படிந்திருக்கும், முதல் மிதியில் அது அத்தனையும் மீட்டருக்குள் போகும். அதனால் இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டு நேராக சென்டருக்குப் போங்கள்.

சார் ஏற்கெனவே டீசலில் கலக்கும் மருந்து இரண்டு பாட்டில் ஊற்றிவிட்டார். "பாண்டியில டீசல் போட்டதால இருக்குமா தம்பி?" என்றும் கேட்டார். இந்தச் சந்தேகம் நம்மூரில் பலருக்கு உண்டு. பாண்டியில் விலை குறைவது வரியால்தான், தரத்தால் அல்ல. 2020 ஏப்ரல் முதல் இங்கும் அங்கும் பங்கில் வருவது ஒரே பிஎஸ் 6 டீசல்தான், கந்தகம் 10 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் பத்து பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது.

கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று அர்த்தம். ஒன்று காற்று குறைகிறது, இல்லாவிட்டால் டீசல் கூடுகிறது. அதனால் நான் எப்போதும் காற்றுப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன், செலவும் அங்கேதான் குறைவு. சார் வண்டியில் ஏர் ஃபில்டர் மண் அப்பிக் கிடந்தது. காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில், கிளாம்புக்குக் கீழே, விரல் நகம் அளவுக்கு ஒரு கிழிசல். நின்ற வண்டியில் அது தெரியாது. ரேஸ் பண்ணும்போது மட்டும் வாய் திறக்கும், சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். இதைப் பார்க்காமல் நேராக டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரையும் கழற்றி பில் போடும் இடங்களும் உண்டு.

அப்புறம் ஈஜிஆர் வால்வு. வெளியே போகும் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் வேலை அதனுடையது. அப்படி விட்டால் எரியும் சூடு குறையும், நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு குறைவாக உண்டாகும். ஆனால் வால்வில் கரி படிந்து திறந்தபடியே மாட்டிக்கொண்டால் தேவைக்கு மேல் புகை உள்ளே போய், காற்றுக்கு இடமில்லாமல் கருப்பாகக் கக்கும். கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட அரை நாள் வேலை.

குறுக்கு வழி பத்து நிமிட வேலை. ஒரு தகட்டை வெட்டி அந்த வழியை அடைத்துவிடுவது. இதைத்தான் பிளாங்க் அடிப்பது என்பார்கள். கரும்புகை உடனே குறையும், பிக்கப்பும் கூடும், டெஸ்டில் பாஸ். ஏனென்றால் நம்மூர் டீசல் டெஸ்ட் பார்ப்பது கண்ணுக்குத் தெரியும் புகையை மட்டுமே. நைட்ரஜன் ஆக்சைடுக்கு நிறம் அவ்வளவாகத் தெரியாது, அந்த மீட்டர் அதை அளப்பதும் இல்லை. கையில் சர்டிஃபிகேட் இருக்கும், வண்டி முன்பைவிட அதிக நச்சைக் கக்கிக்கொண்டிருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இப்படி அடித்துக் கொடுத்தவன்தான், மறைக்க ஒன்றுமில்லை.

2015இல் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டதும் இதே வாயுவில்தான். டெஸ்ட் நடப்பதைக் கண்டுபிடித்து அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளைப் போட்டிருந்தார்கள். உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகள். இந்தியாவில் அந்த எஞ்சின் போட்ட சுமார் 3.23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தார்கள். ஸ்கோடாவும் ஆடியும் அதில் அடக்கம். ஐரோப்பாவில் 1.6 லிட்டர் எஞ்சினுக்குச் சொன்ன தீர்வு ஒரு மென்பொருள் மாற்றமும், காற்றை அளக்கும் சென்சாருக்கு முன்னால் மாட்டும் வலை போட்ட சின்னக் குழாயும்தான். பழைய வண்டி வாங்குபவர்கள் இப்படிப்பட்ட ரீகால் வேலை முடிந்ததா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பிஎஸ் 6 கார்களில் கதை வேறு. சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி, கரியைப் பிடித்து வைத்து, அவ்வப்போது 600 டிகிரி வரை சூடேற்றி எரித்துவிடும். அதற்குக் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். வீட்டிலிருந்து ஆபீஸ் மூன்று கிலோமீட்டர் என்று ஓட்டுபவர்களுக்கு அது எரிந்து முடிவதே இல்லை. பாதியில் அணைத்து அணைத்து, எரிக்க விட்ட டீசல் ஆயிலில் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், உடனே காட்டுங்கள். ஆயிலும் டப்பாவில் சி2 அல்லது சி3 என்று போட்ட, சாம்பல் குறைந்த ரகத்தில் உங்கள் மேனுவல் சொல்வதைப் பார்த்து ஊற்ற வேண்டும். மற்ற ஆயிலின் சாம்பல் வடிகட்டியை அடைக்கும், சாம்பலை எரித்துப் போக்க முடியாது.

டிபிஎஃப்பை வெட்டி எடுத்துவிட்டு மென்பொருளையும் மாற்றித் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். கம்பெனி வடிவமைப்பை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதம், வாரண்டியும் போகும். மாசு விதியை மீறினால் அபராதம் 10,000 ரூபாய் வரை. பத்து வருட டீசல் வண்டிக்குத் தடை என்று பயந்து வருகிறவர்களுக்கும் ஒன்று: அந்த உத்தரவு டெல்லிப் பக்கத்துக்கு வந்தது, நம்மூருக்கு அல்ல.

சார் வண்டிக்கு ஹோஸ் மாற்றி, ஃபில்டர் மாற்றி, ஈஜிஆர் சுத்தம் செய்தோம். மறுநாள் டெஸ்டில் 0.9. டிபிஎஃப் விளக்கு எரிகிறது என்று வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த இன்னொரு வாடிக்கையாளர், நான் சொன்னபடி இப்போது ஞாயிறு காலையில் சிதம்பரம் ரோட்டில் பரங்கிப்பேட்டை வரை போய் வருகிறார். விளக்கு எரியவில்லை, வீட்டில் வாராவாரம் நண்டுக் குழம்பாம்.