அக்கி எழுதும் மூன்று நாள்

சென்ற வாரம் என்னிடம் சிகிச்சைக்கு வந்த பெரியவருக்கு 68 வயது, சர்க்கரை நோயும் உண்டு. நெற்றியின் இடப்பக்கத்திலிருந்து இமை வழியாக மூக்கு நுனிவரை, அக்கிக்கு எழுதுவதாகச் செங்காவி பூசியிருந்தது. நெற்றியில் ஒரு சிங்கம். வரைந்தவர் கைதேர்ந்தவர்தான், பிடரி மயிர்கூடத் தெளிவாகத் தெரிந்தது. தண்ணீரில் நனைத்த துணியால் அதை மெல்லத் துடைத்தெடுக்கவே கால் மணி நேரம் ஆனது. அடியில் கொப்புளங்கள் உடைந்து சீழ் வைத்திருந்தன. கண்ணைத் திறக்க முடியவில்லை. வந்தது ஆறாம் நாள்.

“மூன்று நாள் எழுதினால் இறங்கிவிடும் என்றார்கள்” என்றார் மகன்.

இந்த மாதத்தில் இப்படிக் காவியோடு வந்தவர்களில் இவர் நான்காமவர். என் வயிற்றெரிச்சலெல்லாம் அந்த மூன்று நாளைப் பற்றித்தான். அக்கிக்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரை உண்டு. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். 72 மணி நேரம் என்றால் அதே மூன்று நாள்! காவி காய்வதற்குள் மருந்தின் நேரம் கடந்துவிடுகிறது.

“ஆனால் எழுதினால் சரியாகிறதே, டாக்டர்?” சரியாகத்தான் செய்கிறது. எழுதாவிட்டாலும் சரியாகும். கொப்புளம் ஏழிலிருந்து பத்து நாளில் தானாகவே பொருக்குத் தட்டும், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் உதிரும். பெரும்பாலோருக்கு இதுதான் நடக்கிறது. பெயர் காவிக்குப் போகிறது. உடல் சூட்டினால் வந்தது, குளிர்ந்த மண்ணைப் பூசினால் தணியும் என்ற கணக்கும் தப்பு. எட்டுக்கால் பூச்சி ஊர்ந்ததும் பல்லி எச்சமிட்டதும் காரணமில்லை. சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ்தான் இது. வேப்பிலைத் தண்ணீர் ஊற்றியதோடு அம்மை இறங்கிவிட்டது என்று நாம் நினைத்தோம். அது நரம்பு முடிச்சுகளில் தூங்கிக்கொண்டிருந்தது. முதுமை, சர்க்கரை நோய், புற்றுநோய் சிகிச்சை, நீண்டநாள் ஸ்டீராய்டு என எதிர்ப்புச் சக்தி தளரும்போது எழுந்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டையாக வருகிறது. இரண்டு முனையும் சேர்ந்தால் உயிர் போய்விடும் என்று பயந்து அழுகிறவர்களே, அழ வேண்டாம். பயப்பட வேண்டிய இடம் வேறு.

அது வலி. தோல் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நிற்கும் நரம்பு வலி. சட்டை உரசினால் எரியும், மின்விசிறிக் காற்றுப் பட்டால் குத்தும். வயதானவர்களைத்தான் இது அதிகம் பிடிக்கிறது.

எங்களிடமும் குறை உண்டு. கொப்புளம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே வலி வந்துவிடும். நெஞ்சில் வந்தால் ஈசிஜி எடுப்போம், இடுப்பில் வந்தால் சிறுநீரகக் கல் தேடுவோம், தாடையில் வந்தால் நல்ல பல்லைப் பிடுங்கியவர்களும் உண்டு. ஆகவே வலித்த இடத்தில் பிறகு கொப்புளம் கண்டால், அன்றைக்கே திரும்பி வாருங்கள்.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண் மருத்துவரை அன்றே பார்க்க வேண்டும், கருவிழி பாதிக்கப்படலாம். காதில் வந்து வாய் கோணினாலும் காத்திருக்காதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு தடவாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாய்ப்புண்ணுக்குப் போட்ட அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையையும் வாங்கிப் போடாதீர்கள். அக்கிக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஏழு நாள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவே வேறு. பொருக்குத் தட்டும்வரை கொப்புளத்தை மூடி வையுங்கள். சின்னம்மை வராத கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் நெருங்காதீர்கள், அவர்களுக்கு அது அம்மையாகத் தொற்றும். 50 வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது: இரண்டு தவணை, இடையில் இரண்டு முதல் ஆறு மாதம். விலை அதிகம்தான். வசதி இருந்தால் பெற்றோருக்குப் போட்டுவிடுங்கள்.

எழுதியே ஆக வேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால் சண்டை போடாதீர்கள். முதல் வேளை மாத்திரையைக் கொடுத்துவிட்டு எழுத அழைத்துப் போங்கள். உடைந்த கொப்புளத்தில் மட்டும் மண் படக் கூடாது.

எழுதித் தருகிற பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: முகத்தில் வந்தால் தொடாமல் அனுப்பிவிடுங்கள். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு குயவர் அப்படித்தான் செய்கிறார். கண்ணருகே கொப்புளம் என்றால் காவிக் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, எங்கள் மருத்துவமனைக்கு எந்த பஸ் போகும் என்றும் சொல்லி அனுப்புகிறார்.