ஏவுகணைக் கிணற்றைத் தூர்ப்பது

பாழுங்கிணற்றைத் தூர்க்க நாலு லோடு மண் போதும். உக்ரைனில் பெர்வோமைஸ்க் நகரைச் சுற்றி வயல்களுக்கு நடுவே இருந்த கிணறுகள் அப்படி அடங்குபவை அல்ல. ஏறத்தாழ 30 மீட்டர் ஆழம், கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், 100 டன்னுக்கு மேல் கனக்கும் மூடி. உள்ளே, கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை. சோவியத் ஒன்றியம் உடைந்தபோது இப்படி 176 ஏவுகணைகள் உக்ரைனில் மிஞ்சின. அவற்றைப் பிரித்துப்போட அமெரிக்கா பணம் கொடுத்தது.

முதலில் அணுகுண்டு முனைகளைக் கழற்றி ரயிலேற்றி ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். 1996 ஜூன் 1-க்குள் அது முடிந்தது. உண்மையான தலைவலி எரிபொருள்தான். அங்கிருந்த எஸ்எஸ்-19 ரக ஏவுகணையில் இரண்டு திரவங்கள்: ‘ஹெப்டில்’ என்ற எரிபொருள், அதை எரியவைக்கும் நைட்ரஜன் டெட்ராக்சைடு. இரண்டும் தொட்டுக்கொண்டாலே பற்றும், தீக்குச்சி வேண்டியதில்லை. அதனால் தனித்தனியாகத்தான் வடிக்க வேண்டும். ஹெப்டில் மூச்சில் போனாலும் தோலில் பட்டாலும் நஞ்சு. மண்ணில் சிந்தினால் கதை அதோடு முடிவதில்லை. காற்றோடு சேர்ந்து மாறும்போது அதிலிருந்து புற்றுநோய் உண்டாக்கும் சேர்மமும் பிறக்கிறது, தண்ணீரில் கரைந்து கீழே இறங்குகிறது. நிலத்தைத் திருப்பிக் கொடுக்குமுன் மண்ணைச் சோதிப்பது இதனால்தான்.

அப்புறம் வெடி. மூடியைக் கழற்றி, கேபிள், குழாய் எல்லாவற்றையும் உருவியெடுத்தபின், கிணற்றின் வாய்ப்பகுதியில் வெடிமருந்து வைப்பார்கள். 1996 ஜனவரி 5 அன்று அமெரிக்க, ரஷ்ய, உக்ரைன் பாதுகாப்பு அமைச்சர்கள் மூவரும் சேர்ந்தே ஒரு கிணற்றைத் தகர்த்தார்கள். எவ்வளவு ஆழத்துக்குக் கிணறு அழிய வேண்டும் என்பதற்கு, அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட அணு ஆயுதக் குறைப்பு உடன்படிக்கையான ஸ்டார்ட்-1 ஒப்பந்தம் கணக்கு வைத்திருந்தது: வெடிவைத்துத் தகர்த்தால் குறைந்தது 6 மீட்டர், தோண்டினால் குறைந்தது 8 மீட்டர்.

எனக்கு மிகவும் பிடித்த விதி அடுத்து வருவது. உடைத்த குழியை உடனே மூடக் கூடாது. 90 நாள் அப்படியே திறந்து கிடக்க வேண்டும் என்றது அந்த ஒப்பந்தம். எதிர்த்தரப்பின் செயற்கைக்கோள் மேலே வந்து போகும்போது, வாய் பிளந்த கான்கிரீட்டையும் முறுக்கிக்கொண்டு நிற்கும் கம்பிகளையும் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். சத்தியம் செய்தால் யாரும் நம்பப் போவதில்லை அல்லவா!

அதன்பிறகே தூர்ப்பு. மொத்தமாகக் கொட்டினால் இரண்டு மழைக்கு மண் அமுங்கிப் பள்ளமாகிவிடும். அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். கடைசியாக மேல்மண். அந்த ஊர் மண் நம் கரிசலைப் போலக் கறுப்பு. ஆனால் அந்தக் கறுப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புல் மட்கி வந்தது. அடிமண்ணோடு அதைக் கலந்துவிட்டால் இன்னொரு முறை செய்துகொள்ள முடியாது.

1996 ஜூனில் அதே மூன்று அமைச்சர்களும் மறுபடி வந்து, ஏவுகணை நின்ற இடத்தில் சூரியகாந்தி நட்டார்கள். கிணற்றின் அடிப்பகுதிக் கான்கிரீட்டை யாரும் தோண்டி எடுக்கவில்லை, அது கீழேயே கிடக்கிறது. கலப்பை அவ்வளவு ஆழம் போகாது.