மக்கள்தொகை ஈவு

பட்ஜெட் விவாதம் என்றாலே 'டெமோகிராஃபிக் டிவிடெண்ட்' வந்துவிடும். இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள், இனி நாடு தானாக ஏறும் என்று பலர் இதற்குப் பொருள் கொள்கிறார்கள். அது பாதிதான் சரி.

குழந்தைப் பிறப்பு குறையத் தொடங்கும் நேரத்தில், முன்பு பிறந்த பெரிய கூட்டம் வேலை செய்யும் வயதில் இருக்கும். ஒருவர் சம்பாதித்து ஏழு பேர் சாப்பிட்ட வீட்டில், மூன்று பேர் சம்பாதித்து நாலு பேர் சாப்பிடுவது மாதிரி. அப்படிக் கைக்கு மிஞ்சுவதே டிவிடெண்ட். டேவிட் புளூம், டேவிட் கேனிங் போன்ற பொருளியலாளர்கள், கிழக்கு ஆசியாவின் வளர்ச்சியை ஆராய்ந்து இந்தக் கருத்தைப் பரப்பினார்கள்.

'டிவிடெண்ட்' லத்தீனிலிருந்து வந்தது. 'வகுக்கப்பட வேண்டியது' என்று பொருள். பள்ளிக் கணக்கில் அது வகுபடும் எண். பங்குச் சந்தைக்குப் போனால் ஈவுத்தொகை, இலங்கையில் பங்கிலாபம். 'மக்கள்தொகை ஈவுத்தொகை' என்றால் தொகை இரண்டு முறை இடிக்கிறது. 'மக்கள்தொகை ஈவு' போதும் என்பேன். 'ஈ' என்றால் கொடு. ஈகை, ஈதல் எல்லாம் அந்த வேர்தான். அதோடு, வகுத்தால் கிடைக்கும் விடைக்கும் நம் கணக்குப் பாடத்தில் ஈவு என்றுதான் பெயர். வருமானத்தைத் தலைகளால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு? கேள்வியே அதுதானே. இந்த இடத்தில் மூலச்சொல்லைவிடத் தமிழ்ச்சொல் கச்சிதம்.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. இன்று அங்கன்வாடிக்குப் போகும் குழந்தை வேலைக்கு வர 20 ஆண்டு ஆகும். அதற்குள் நாலு தேர்தல் முடிந்துவிடும். அந்தக் குழந்தையின் படிப்புக்குச் செலவழித்த அரசு, பலனைத் தன் சாதனையாகக் காட்டப் பதவியில் இருக்காது. ஆனால் வாய்ப்பு காத்திருக்காது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், மக்கள்தொகை நிலையாக நிற்கவே 2.1 வேண்டும். சில பத்தாண்டுகளில் முதியவர் பங்கு கூடி, ஈவு சுருங்கிவிடும்.

இருக்கும் இளைஞர்களுக்காவது வேலை இருக்கிறதா? 2022 குரூப் 4 தேர்வில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். இதையும் வகுத்துப் பாருங்கள். ஈவு 300 வரும், ஒரு நாற்காலிக்கு.