நேற்று ராத்திரி யாரோடு சாப்பிட்டே?

டில்லியில் கல்லூரி மாணவர்களுக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை. தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் என்றால் முதல் சந்திப்பில் மார்க்கைப் பற்றிக் கேட்பதில்லை. "நேத்து ராத்திரி யாரோட சாப்பிட்டே?" என்பேன். பதில் சட்டென்று வந்தால் எனக்குப் பாதிக் கவலை விட்டுவிடும். சிலர் "ரூம்லதான் மேடம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன் அப்படித்தான் வந்தான் (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சியூஇடி நுழைவுத் தேர்வு எழுதி நல்ல கல்லூரியில் இடம் வாங்கியவன். வகுப்புக்கு ஒருநாளும் மட்டம் போட்டதில்லை. ஆனால் மெஸ்ஸில் தட்டை நிரப்பிக்கொண்டு நேரே அறைக்கு வந்துவிடுவான். போனில் தமிழ் வீடியோ ஓடும்; ராஜ்மாவும் ரொட்டியும் ஆறிப்போகும். ஒன்பது மணிக்கு அம்மா அழைப்பார். "சாப்பிட்டியா? படிச்சியா? குளிர் எப்படி?" மூன்றுக்கும் "ம்". டிசம்பரில் இங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். தூக்கம் கெட்டு அவன் என்னிடம் வந்தது அந்த மாதத்தில்தான்.

"ஹிந்தி வரலை, அதான் மேடம்" என்றான். கொஞ்சம் உண்மைதான். ஆனால் ஹிந்தியிலேயே வளர்ந்த பிகார்ப் பிள்ளைகளும் இதே கதையோடு வருகிறார்களே! முன்பின் தெரியாத ஒருவன் பக்கத்தில் தட்டோடு போய் உட்கார மொழிகூட அப்புறம்தான் வேண்டும். பிளஸ் டூ முடியும்வரை அந்தப் பழக்கத்துக்கு நாம் எங்கே இடம் கொடுத்தோம்? பால் வாங்கக்கூட "நீ படி, நான் போறேன்" என்று அப்பா கிளம்பிவிடுகிறார்.

"மனசு சரியானதும் நாலு பேரோட பழகுறேன்" என்பார்கள். எங்கள் சிகிச்சை முறைகளில் ஒன்று இதைத் தலைகீழாகப் பிடிக்கும்: முதலில் செயல், மனநிலை பின்னால் வரும். ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும் என்பதால் சின்னச் சின்ன வேலைகளை நேரம் குறித்துச் செய்யச் சொல்வோம். அவனுக்கு நான் கொடுத்தது இவ்வளவுதான்: வாரத்தில் மூன்று ராத்திரி மெஸ்ஸிலேயே சாப்பிட வேண்டும், போன் அறையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது வாரம், சாம்பார் என்ற பெயரில் ஊற்றியதைப் பார்த்துப் பக்கத்திலிருந்த மணிப்பூர்ப் பையனிடம் ஏதோ முனகியிருக்கிறான். "கமிட்டிக்கு வந்து சொல்லேன்" என்றானாம் அவன். மெஸ் கமிட்டிக்கு எப்போதும் ஆள் பஞ்சம். மறுநாளே பெயரை எழுதிவிட்டார்கள். அப்புறமென்ன, விடியற்காலை ஐந்து மணிக்குப் பனிமூட்டத்தில் மெஸ் மேனேஜரோடு ஆசாத்பூர் மண்டி. தக்காளி மூட்டைகளுக்கு நடுவே நின்று 'கித்னா', அதாவது எவ்வளவு என்று கேட்டாக வேண்டும், கேட்டான். மாதக் கடைசியில் பில்லைக் கூட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். ஒருமுறை பன்னீர் கணக்கில் தப்பு, கூட்டியவன் இவன். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்று, தப்பு என்னுடையது, அடுத்த பில்லில் கழித்துவிடுகிறோம் என்று உடைந்த ஹிந்தியில் சொல்லியிருக்கிறான். அன்றைக்குத் தூக்கம் வந்ததா என்று கேட்டேன். "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன் மேடம்."

கல்லூரி வாழ்க்கையில் மாணவன் எவ்வளவு ஆழமாக ஈடுபடுகிறானோ அந்த அளவுக்குத்தான் அவன் கற்பதும் வளர்வதும் என்று அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின் 1984-ல் எழுதினார். ஈடுபாடு என்பதை இங்கே பலர் சான்றிதழ் என்று புரிந்துகொண்டுவிட்டார்கள். என்எஸ்எஸ்ஸில் இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் சேவை, ஒரு ஏழு நாள் முகாம். முகாமில் கழிப்பறை கழுவியவனுக்கும் போட்டோவுக்கு நின்றவனுக்கும் ஒரே தாள்தான் கிடைக்கும். சொசைட்டி என்று இங்கே சொல்லும் மாணவர் மன்றங்கள் ஐந்தில் பெயர் கொடுத்துவிட்டு வருகைப்பதிவு போதாமல் அழுத பெண்ணையும் பார்த்திருக்கிறேன். ஒன்று போதும். நீங்கள் வராவிட்டால் அங்கே ஏதாவது நின்றுபோக வேண்டும், அப்படியான ஒன்று.

எல்லோருக்கும் இது சமமாகக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டில்லி பல்கலைக்கழகக் கல்லூரிகள் பலவற்றில் ஹாஸ்டலே கிடையாது. கமலா நகரிலும் விஜய் நகரிலும் பிஜியில், அதாவது காசு கொடுத்துத் தங்கும் தனியார் விடுதியில், இருக்கும் பிள்ளைக்கு மெஸ் கமிட்டி ஏது? பெண்கள் ஹாஸ்டலில் கேட் சீக்கிரம் பூட்டப்பட்டால் நாடக ஒத்திகையும் நூலகமும் அத்தோடு சரி. 2015-ல் இங்குள்ள மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்', அதாவது கூண்டை உடை என்று கிளம்பியது இந்த நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்துத்தான்.

ஊர் ஏக்கம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே. புரம் போகச் சொல்வேன். மலை மந்திர் என்கிற முருகன் கோயில், தமிழ்ச் சங்கம் இரண்டும் அங்கேதான். தமிழ் காதில் விழுந்தாலே பாதி பாரம் இறங்கும். ஏழு நாளும் அங்கேயே அடைக்கலம் என்றால் மட்டும் கொஞ்சம் கவலைப்படுவேன்.

பெற்றோருக்கு: தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் "போகப் போகச் சரியாயிடும்" என்று விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். ராகிங் என்றால் 1800-180-5522. தினசரி போனில் "சாப்பிட்டியா" என்பதோடு "யார் கூட" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பிப்ரவரியில் அந்தப் பையனுக்கு ஒரு சந்திப்பு குறித்திருந்தேன். வரவில்லை. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "சாரி மேடம், மெஸ்ஸுக்கு சிலிண்டர் வரலை, அலைஞ்சுட்டு இருந்தேன். அடுத்த வாரம் வரட்டுமா?"