கார்டு சாகவில்லை, துபாஷிதான் வரவில்லை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மாமா ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காரியப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான் தயாராகும். ஆவணி முகூர்த்தங்களுக்கு நடுவில் ஒரு நாள் காலையிலேயே போன் வந்தது. "மாப்ளே, நேத்து ராத்திரி உபுண்டு அப்கிரேடு கேட்டுச்சு, சரின்னு குடுத்துட்டேன். இப்ப ஸ்கிரீன் கருப்பா நிக்குது. மேல மூலையில ஒரு கோடு மட்டும் மினுக்குது." உபுண்டு என்பது விண்டோஸுக்குப் பதில் மாமா வைத்திருக்கும் இயங்குதளம், லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேர் தீர்ப்பு எழுதியிருந்தார்கள். உப்புக் காற்று கிராஃபிக்ஸ் கார்டை, அதாவது திரைக்குப் படம் அனுப்பும் அட்டையை, தின்றுவிட்டது என்றார் ஒருவர். ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்துவிட்டுப் புதிதாக ஏற்றிவிடலாம் என்றார் இன்னொருவர். முதல் சந்தேகத்தில் நியாயம் உண்டு. கடலோர ஊரில் கார்டின் பின்கள் கறுத்துப்போவதும், அழிரப்பரால் தேய்த்துச் செருகினால் உயிர் வருவதும் நானே பார்த்தவை. ஆனால் பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டின் லோகோ பளிச்சென்று வந்தது. அந்த லோகோ கார்டு வழியாகத்தான் மானிட்டருக்கு வந்தாக வேண்டும். ஆகவே கார்டு, கேபிள், மானிட்டர் மூன்றும் பிழைத்திருந்தன. லோகோவுக்கும் லாகின் திரைக்கும் நடுவில் இருக்கும் சில நொடிகளில்தான் ஏதோ நடந்திருந்தது.

அந்தச் சில நொடிகளில் என்ன நடக்கிறது? கார்டுக்குள்ளேயே ஒரு சின்னச் சிப்பில் எளிய நிரல் ஒன்று எழுதப்பட்டிருக்கும். இயங்குதளம் எழும்வரை படம் காட்டுவதற்கு அது போதும். அப்புறம் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உள்மையம், பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. முழு எச்டி திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை மாற்றினால் 12 கோடிக்கும் மேல். இதைத் தடங்கலின்றிச் செய்ய, கார்டின் நினைவகத்தைப் பங்கிடவும் அதன் கணிப்பு அலகுகளுக்கு வேலை கொடுக்கவும் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர்தான் டிரைவர்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைத் துபாஷி என்றால் சட்டென்று புரியும். துய்ப்ளெக்ஸ் காலத்துப் புதுச்சேரியில் கவர்னருக்குத் தமிழ் தெரியாது, நெசவாளருக்குப் பிரெஞ்சு தெரியாது. இரண்டு பாஷையும் அறிந்த துபாஷி வந்தால்தான் துணி கப்பல் ஏறும். கெர்னலுக்கும் கார்டுக்கும் நடுவில் டிரைவர் நிற்பதும் அப்படித்தான்.

சரி, நேற்றுவரை பேசிக்கொண்டிருந்த துபாஷிக்கு இன்று ஏன் வாய் அடைத்துப்போனது? லினக்ஸில் இதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. கெர்னலுக்கும் அதன் மேல் ஓடும் செயலிகளுக்கும் உள்ள உடன்பாட்டை லினக்ஸ்காரர்கள் கண்ணைப்போலக் காக்கிறார்கள். பழைய செயலி புதிய கெர்னலிலும் ஓட வேண்டும் என்பதில் கறாராக இருக்கிறார்கள். ஆனால் கெர்னலுக்கும் டிரைவருக்கும் இடையிலான உள் பேச்சுக்கு அப்படி எந்த வாக்கும் கொடுப்பதில்லை. ஒரு பதிப்பில் இருந்த வசதி அடுத்த பதிப்பில் பெயர் மாறலாம், இல்லாமலே போகலாம். கெர்னலோடு சேர்ந்தே வளரும் டிரைவர்களுக்கு இது பிரச்சினை இல்லை, மாற்றுகிறவரே டிரைவரையும் திருத்திவிடுவார். இன்டெல், ஏஎம்டி கார்டுகள் அப்கிரேடுக்குப் பின் பெரும்பாலும் சத்தமில்லாமல் எழுவது இதனால்தான். மாமாவுடையதோ என்விடியா கார்டு. கெர்னலுக்கு வெளியே இருந்து வரும் என்விடியாவின் டிரைவரை மட்டும் ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் புதிதாகக் கட்ட வேண்டும்.

இந்தக் கட்டுமான வேலையை டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு தானாகவே பார்த்துக்கொள்ளும். புதிய கெர்னல் வந்ததும் அதன் உள் அமைப்பை விவரிக்கும் ஹெடர்ஸ் கோப்புகளை எடுத்து, டிரைவரின் கெர்னல் பகுதியை மறுபடி கட்டி வைக்கும். ஹெடர்ஸ் இல்லையென்றால் கட்ட முடியாது. டிரைவரை டிகேஎம்எஸ்ஸிடம் பதிந்து வைக்காவிட்டால் அதற்கு விஷயமே தெரியாது.

மாமாவின் கம்ப்யூட்டரில் நடந்தது இரண்டாவது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் எழுத்து மட்டும் காட்டும் திரை வந்தது. அங்கிருந்து தேடியதில் கதை தெளிவாயிற்று. மெஷினைக் கட்டிக் கொடுத்தவர், என்விடியா தளத்திலிருந்து நிறுவிக் கோப்பை இறக்கி நேரடியாக ஓட்டியிருக்கிறார். அந்த டிரைவர் உபுண்டு 22.04 பதிப்பின் 5.15 கெர்னலுக்காகக் கட்டப்பட்டது. 24.04 வந்தபோது கெர்னல் 6.8 ஆகிவிட்டது. புதிய கெர்னலுக்கு யாரும் டிரைவர் கட்டவில்லை.

அப்படியானாலும் நூவோ என்ற திறந்த டிரைவர் கைகொடுத்திருக்க வேண்டும். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் 'புதிய' என்று பொருள். என்விடியா கார்டுகளின் நடத்தையைத் தன்னார்வலர்கள் வெளியிலிருந்தே கவனித்துக் கவனித்து எழுதிய டிரைவர் அது. 2010இல் 2.6.33 பதிப்போடு கெர்னலுக்குள் சேர்ந்தது. மூடிய பெட்டியைத் தட்டித் தட்டி உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்த அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் என்விடியாவின் நிறுவி, இரண்டு டிரைவர்களும் ஒரே கார்டுக்குச் சண்டை போடாமலிருக்க, நூவோவைத் தடைப்பட்டியலில் எழுதி வைக்கும். அந்தத் தடை அப்கிரேடுக்குப் பின்னும் அப்படியே இருந்தது. பழைய துபாஷி வரவில்லை, வரக்கூடியவருக்கோ வாசலில் தடை. போதாததற்கு என்விடியா டிரைவர்தான் வேண்டும் என்று சொல்லும், வரைகலைத் திரையை எழுப்பும் எக்ஸ்ஆர்க் நிரலின் பழைய அமைப்புக் கோப்பும் கிடந்தது. வரைகலை எழ முயன்று முயன்று விழுந்திருக்கிறது.

எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையோடு கே (-k) என்ற குறியைச் சேர்த்துக் கொடுத்தால், ஒவ்வொரு கார்டையும் எந்த டிரைவர் ஓட்டுகிறது என்று தெரியும். இங்கே கார்டின் பெயருக்குக் கீழே அந்த வரியே இல்லை. இத்தகைய கோளாறில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எழுத்துத் திரைகூட வராத மெஷின்களும் உண்டு. அங்கே இயங்குதளத்தை எழுப்பும் கிரப் மெனுவில் துவக்க வரியின் இறுதியில் நோமோட்செட் (nomodeset) என்று சேர்த்தால், சிறப்பு டிரைவர்களைக் கூப்பிடாமல் எளிய படத்தோடு கெர்னல் எழும். வேகம் இருக்காது. பழுது பார்க்க அது போதும்.

பழைய டிரைவரை அதன் நீக்கியாலேயே நீக்கி, அந்த அமைப்புக் கோப்பை வேறு பெயருக்கு மாற்றி வைத்தேன். பின் உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்தே ஹெடர்ஸையும் டிரைவரையும் போட்டேன். எந்த டிரைவர் வரிசை என்பதில் கவனம் வேண்டும். மாமாவுடையது ஜிடி 710, கெப்ளர் தலைமுறைக் கார்டு. அதை ஏற்கும் கடைசி வரிசை 470. புதியதுதானே நல்லது என்று அதற்குப் பிந்தியதைப் போட்டிருந்தால் மறுபடி கருப்புத் திரைதான்.

மெஷினை மறுபடி துவக்கியபோது செக்யூர் பூட் என்ற காவலாளி குறுக்கே வந்தார். கையெழுத்திடாத டிரைவரை கெர்னலுக்குள் விடமாட்டார். நம் மெஷினில் கட்டிய டிரைவருக்கு நம் மெஷினே ஒரு சாவியை உருவாக்கிக் கையெழுத்திடும். அந்தச் சாவி நம்முடையதுதான் என்று நாம் உறுதி சொல்ல வேண்டும். அதற்காக அடுத்த துவக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு பட்டனை அழுத்தச் சொல்லிப் பத்து நொடி காத்திருக்கும். என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்தெடுத்து, நிறுவும்போது கொடுத்த கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். நீலத் திரையைக் கண்டு பயந்தோ, டீ குடிக்கப் போயோ இதைத் தவறவிடுகிறவர்கள் பலர். எல்லாம் சரியாகச் செய்தும் டிரைவர் ஏறவில்லை என்று புலம்புவார்கள்.

விண்டோஸ்காரர்களுக்கும் இதே கதைதான், வேடம் வேறு. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததால் பலர் 11க்கு மாறினார்கள். மாறியபின் எழுத்தெல்லாம் பருத்துத் தெரிந்தால், டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயருக்குப் பதில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உண்மையான டிரைவர் ஏறவில்லை. கார்டின் மாடலுக்கு உரியதை நிறுவ வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் வரைகலை டிரைவர் மட்டும் புதிதாகத் துவங்கும். புதிய டிரைவரே தொல்லை தந்தால் ரோல் பேக் கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம்.

மாலைக்குள் மாமாவின் திரையில் பாதியில் நின்ற பத்திரிகை, மணமகள் பெயரோடு அப்படியே இருந்தது. ஃபார்மட் செய்திருந்தால் அதையும், பதினைந்து வருடத்துப் பத்திரிகை மாதிரிகளையும் தேட வேண்டியிருந்திருக்கும். டிகேஎம்எஸ்ஸில் பதிந்துவிட்டதால் அவ்வப்போது வரும் கெர்னல் புதுப்பிப்புகளைப் பற்றி இனி அவர் கவலைப்பட வேண்டாம். அடுத்த பெரிய அப்கிரேடு கேட்டால் மட்டும் சரி கொடுப்பதற்குமுன் எனக்கு ஒரு போன் போடச் சொல்லியிருக்கிறேன். 470 வரிசை அந்தப் பதிப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நூவோவின் தடையை எடுத்துவிடுவேன். பத்திரிகை வடிவமைக்க அது தாராளமாகப் போதும்.