மயக்கம் தெளியும்போது பிள்ளை ஏன் அலறுகிறது?

டான்சில், குடலிறக்கம், சுன்னத் போன்ற சின்ன ஆபரேஷன்தான். முடிந்து ரெக்கவரி அறைக்கு வந்த பிள்ளை, கண் திறந்திருந்தும் உம்மாவையோ அம்மாவையோ அடையாளம் தெரியாமல் கத்தும், உதைக்கும், டிரிப்பைப் பிடுங்கும். 2 முதல் 5 வயதில்தான் அதிகம். கண் விழித்த அரை மணி நேரத்துக்குள் வரும். பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். பயந்த கோளாறு என்று மந்திரிக்க நினைப்பவர்கள் அதை வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் பிள்ளையைச் சுற்றி ஆள் குறைவாக இருப்பதே நல்லது.

வலியில் அழுகிற பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும், வலிக்கிற இடத்தைப் பிடிக்கும், மடியில் போட்டால் கொஞ்சமாவது அடங்கும். மயக்கம் தெளியும்போது வரும் இந்தக் குழப்பத்தில் கண்ணுக்குக் கண் பார்க்காது, என்ன சொன்னாலும் காதில் ஏறாது. ஆனாலும் அப்படி முடிவு கட்டுவதற்கு முன் ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, முட்டும் சிறுநீர், குளிர் நடுக்கம் இவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். ஆக்சிஜன் குறைந்த பிள்ளையும் இப்படித்தான் திமிறும்.

செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு ஊசி குத்தாமல் தூங்க வைக்கும், சீக்கிரம் தெளியும். ஆனால் இந்த அலறல் அதில் கூடுதல். வலியே இல்லாத ஸ்கேனுக்குக் கொடுத்தாலும் வரும். நரம்பில் ஏற்றும் மயக்க மருந்தான புரோபோபாலை மட்டுமே ஓட்டி மயக்கம் கொடுத்தால் குறைகிறது. வாயுதான் என்றால், நிறுத்தும் சமயத்தில் மயக்க டாக்டர் உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் புரோபோபால், அல்லது டெக்ஸ்மெடிடோமிடின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் 10 நிமிடத்தில் மெதுவாகக் கொடுக்கலாம். பின்னதில் நாடித்துடிப்பு இறங்கும், விழிப்பும் தாமதமாகும். மானிட்டரை விட்டு நகரக் கூடாது. தொப்புளுக்குக் கீழான ஆபரேஷனுக்கு முதுகடியில் போடும், கீழ்ப்பகுதியை மரக்கச் செய்யும் காடல் ஊசி, கூடவே பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வலி மருந்தை விழிக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். கன்னத்தில் தட்டி எழுப்பும் பழக்கத்தை விட்டுவிடலாம். மூச்சு சீராக இருந்தால் தானாக விழிக்கட்டும்.

பெற்றவர்கள் கையில் இருப்பதும் கொஞ்சமல்ல, ஏனென்றால் பயத்தோடு தூங்கப் போன பிள்ளைக்குத்தான் இது கூடுதலாக வருகிறது. "ஐஸ்கிரீம் வாங்கப் போறோம்" என்று பொய் சொல்லிக் கூட்டி வராதீர்கள். ராமேஸ்வரத்திலிருந்தோ தொண்டியிலிருந்தோ விடியற்காலை பஸ் ஏறி ராமநாதபுரம் வருகிறவர்கள், ராத்திரிச் சோற்றோடு தண்ணீரையும் நிறுத்திவிடுகிறார்கள். சோறு, பசும்பால் 6 மணி நேரம், தாய்ப்பால் 4, வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் டாக்டரிடம் ஆபரேஷன் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கழுத்துத் தாயத்தை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். தியேட்டர் வாசலில் அறுத்தால் அழுகை அங்கேயே தொடங்கும். செல்போனில் பிடித்த கார்ட்டூன் ஓடட்டும். அப்பா கடலிலோ, வாப்பா வெளிநாட்டிலோ இருந்தால் அவர் குரலைப் பதிந்து எடுத்து வாருங்கள். விழிக்கும் நேரத்தில் மெதுவாகப் போடலாம்.

அலறும்போது அமுக்கிப் பிடிக்காதீர்கள். கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றி, டிரிப் உள்ள கையை மட்டும் நர்ஸ் காக்கட்டும். பழகிய ஒருவர் மட்டும் பேசட்டும். வீட்டுக்குப் போனபின் சில நாள் ராத்திரியில் திடுக்கிடும், படுக்கையை நனைக்கும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் கூட்டி வாருங்கள்.