அந்த எஃப்இஇ0 மைனஸா, ப்ளஸா?

ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு வெப்பநிலை காட்டும் போர்டு செய்து கொடுத்திருந்தோம். பல வருடம் ஒழுங்காக ஓடியது. அதிலிருந்த 8 பிட் ஏவிஆர் சிப்பை எடுத்துவிட்டு, 32 பிட் ஏஆர்எம் சிப்புடன் புதிய போர்டு ஒன்றை அனுப்பினேன். முதல் இரவே போன். "சார், டிஸ்ப்ளேல 4078 டிகிரின்னு காட்டுது. அலாரம் நிக்கவே மாட்டேங்குது."

உள்ளே இருந்ததோ மைனஸ் 18. சென்சார் டிஎஸ்18பி20, அதன் மேல் சந்தேகமில்லை. என் மேசையில் வைத்துப் பார்த்தபோது 27, 28 என்று அழகாகக் காட்டியது. லாக்கை எடுத்துப் பார்த்தால், பழைய போர்டும் புதிய போர்டும் ஒரே ஹெக்ஸ் எண்ணைத்தான் அச்சிட்டிருந்தன: எஃப்இஇ0. (ஹெக்ஸ் என்பது பதினாறு இலக்கங்கள் கொண்ட எண்முறை. அதன் எழுத்துகளை உச்சரிப்பின்படியே எழுதுகிறேன். ஏ என்றால் 10, எஃப் என்றால் 15.) சென்சாரிலிருந்து வரும் எண் சரி, அப்புறம் எங்கே தப்பு என்று கணக்குப் போடும் பகுதியை அரை நாள் குடைந்துகொண்டிருந்தேன்.

தப்பு அந்த எஃப்இஇ0-விலேயே இருந்தது. அதை அன்சைன்டாக, அதாவது மைனஸே இல்லாத எண்ணாகப் படித்தால் 65248. இந்த சென்சார் ஒரு டிகிரியைப் பதினாறாகப் பிரித்து அனுப்பும்; 65248-ஐ 16-ஆல் வகுத்தால் 4078. அதையே 16 பிட் சைன்டு எண்ணாக, அதாவது மைனஸும் வரக்கூடிய எண்ணாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு இலக்கத்தையும் 15-லிருந்து கழித்தால் 011எஃப், அதோடு ஒன்றைக் கூட்டினால் 0120. அதாவது 288. முன்னால் மைனஸ் போட்டு 16-ஆல் வகுத்தால் மைனஸ் 18. பிட்டுகள் இரண்டிலும் ஒன்றுதான்.

கோடில் நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மேல் பைட்டை எட்டு இடம் இடதுபுறம் தள்ளி, கீழ் பைட்டை அதனுடன் ஆர் செய்து (பிட்டுகளைச் சேர்த்து), ஒரு இன்ட்டில், அதாவது சி மொழியின் சாதாரண முழு எண் டைப்பில் வைக்கும் வழக்கமான வரி. ஏவிஆரில் இன்ட் 16 பிட், அதனால் மேல் பிட் தானாகவே மைனஸ் குறியாக அமைந்துவிட்டது. ஏஆர்எம்மில் இன்ட் 32 பிட். எஃப்இஇ0-வுக்கு முன்னால் பதினாறு பூஜ்யங்கள் வந்து உட்கார்ந்துகொள்ள, அது சாதுவான ப்ளஸ் எண் ஆகிவிட்டது. மேசையில் இது தெரியாததற்குக் காரணம், பூஜ்யத்துக்கு மேலே இரண்டு வாசிப்பும் ஒன்றே. 25 டிகிரியில் மட்டும் சோதித்தவனுக்கு இந்தத் தவறு கண்ணில் படவே படாது. அந்த ஆள் நான்தான்.

லாக் ஏமாற்றியது எப்படி? எண்ணை அச்சிடும் பிரின்ட்எஃப் ஃபங்ஷன் சாதாரணமாக முன்னால் வரும் பூஜ்யங்களை அச்சிடாது. எட்டு இலக்கமாக அச்சிடச் சொல்லியிருந்தால் 0000எஃப்இஇ0 என்று வந்திருக்கும். 32 பிட்டில் உண்மையான மைனஸ் 288 என்பது எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்இஇ0. இரண்டு போர்டும் ஒரே மாதிரி அச்சிட்டதே சந்தேகப்பட வேண்டிய விஷயம். நானோ அதைப் பார்த்துத்தான் நிம்மதியானேன்.

ஹெக்ஸ் எண்ணுக்குக் குறி கிடையாது. ஹெக்ஸில் 80 என்று மட்டும் சொன்னால் அது 128-ஆ, மைனஸ் 128-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை பிட், சைன்டா அன்சைன்டா, இரண்டும் தெரிய வேண்டும். முழு அகலத்தில் எழுதிய சைன்டு எண்ணில் முதல் இலக்கம் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் மைனஸ் என்பது நல்ல குறுக்குவழிதான். ஆனால் 80 என்பது எட்டு பிட்டில் மைனஸ், 0080 என்பது பதினாறு பிட்டில் ப்ளஸ்.

ப்ராசஸருக்கும் இது தெரியாது. பல லேப்டாப்களில் இருக்கும் எக்ஸ்86 ப்ராசஸரில் கூட்டலுக்கு ஒரே ஆட் கட்டளைதான், எண் எந்த வகையாக இருந்தாலும். ஒப்பிடுவதும் ஒரே கம்பேர்தான். அதன்பின், விடையைப் பார்த்து வேறு வரிக்குத் தாவும் ஜம்ப் கட்டளையில்தான் வித்தியாசம்: சிறியதா, பெரியதா என்று பார்க்க அன்சைன்டுக்கு ஜேபி, ஜேஏ, சைன்டுக்கு ஜேஎல், ஜேஜி. சின்ன எண்ணைப் பெரிய ரிஜிஸ்டருக்கு ஏற்றும்போதும் அப்படியே. முன்னால் பூஜ்யங்களை நிரப்ப மூவ்இசட்எக்ஸ், குறி பிட்டை நிரப்ப மூவ்எஸ்எக்ஸ். எதைப் போடுவது என்று கம்பைலர் (நம் கோடைக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) முடிவு செய்வது நாம் எழுதிய டைப்பைப் பார்த்து. டைப்பை அசட்டையாக எழுதினால் கட்டளையும் அதற்கேற்ப மாறிவிடும்.

இதில் மோசமான கண்ணி, எழுத்துகளை வைக்கும் ஒரு பைட் அளவுள்ள, சி மொழியின் வெறும் கேர் டைப். அது சைன்டா அன்சைன்டா என்று மொழியின் தர ஆவணம் முடிவு செய்யவில்லை. லினக்ஸில் ஜிசிசி கம்பைலரை எடுத்துக்கொண்டால், எக்ஸ்86-இல் சைன்டு, ஏஆர்எம்மில் அன்சைன்டு. லேப்டாப்பில் ஓடிய கோடு போர்டில் வேறு மாதிரி நடந்துகொள்வதற்கு இதுவே போதும். தமிழ் எழுத்துகளைக் கையாளும் கோடில் இது உடனே கடிக்கும். யூடிஎஃப்-8-இல் 'அ' என்பது இ0, ஏஇ, 85 என்ற மூன்று பைட்டுகள். மூன்றுமே ஹெக்ஸ் 80-க்கு மேல். கேர் சைன்டாக இருந்தால் மூன்றும் மைனஸ். அதை அப்படியே ஒரு அட்டவணையின் இண்டெக்ஸாகக் கொடுத்தால், அட்டவணைக்கு முன்னால் இருக்கும் நினைவகத்தைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு அதுவும் தெரியாது.

எண்ணை ஹெக்ஸில் எழுதுவதா தசமத்தில் எழுதுவதா என்பதே சில சமயம் டைப்பை மாற்றிவிடும். 32 பிட் இன்ட் உள்ள சி-யில் ஹெக்ஸ் 80000000 என்று எழுதினால் அது அன்சைன்டு இன்ட். அதே மதிப்பைத் தசமத்தில் 2147483648 என்று எழுதினால் அதைவிடப் பெரிய சைன்டு டைப். ஆகவே மைனஸ் 1 அதைவிடச் சிறியதா என்று கேட்டால், ஹெக்ஸில் 'இல்லை', தசமத்தில் 'ஆம்'. மைனஸ் 1-ஐ அன்சைன்டாக மாற்றினால் 4294967295 ஆகிவிடுவதுதான் காரணம். இப்படிச் சைன்டும் அன்சைன்டும் கலந்த ஒப்பீட்டைக் கம்பைலரே சொல்லிக் காட்டும். ஆனால் ஜிசிசியில் சி கோடுக்கு 'ஆல்' எச்சரிக்கைகளை மட்டும் போட்டால் போதாது, 'எக்ஸ்ட்ரா'வையும் போட வேண்டும். பழைய கோடில் அதைப் போட்டதும் எச்சரிக்கைகள் கொட்டும். பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான், வேறு வழியில்லை.

நான் இப்போது செய்வது இது. வன்பொருளிலிருந்து வரும் எந்த எண்ணையும் வெறும் இன்ட்டில் வைப்பதில்லை. இன்ட்16_டி, யூஇன்ட்8_டி என்று அகலத்தைச் சொல்லும் டைப்புதான். டேட்டாஷீட்டில் 'டூஸ் காம்ப்ளிமென்ட்' (மேலே 15-லிருந்து கழித்து ஒன்றைக் கூட்டிப் படித்த அந்த மைனஸ் முறை) என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுகிறேன். 12 பிட் சைன்டு எண் அனுப்பும் சென்சார் என்றால் குறி (பூஜ்யத்திலிருந்து எண்ணினால்) 11-வது பிட்டில் இருக்கும், எந்த டைப்பும் அதைத் தானாகக் கண்டுகொள்ளாது. மேல் நான்கு பிட்டுகளை மறைத்துவிட்டு, ஹெக்ஸ் 800-உடன் எக்ஸ்ஆர் செய்து (இங்கே அது குறி பிட்டை மட்டும் புரட்டிப்போடும்), அதே 800-ஐக் கழித்தால் போதும். 7எஃப்எஃப் 2047 ஆகவே இருக்கும், 800 மைனஸ் 2048 ஆகும், எஃப்எஃப்எஃப் மைனஸ் 1 ஆகும். ஒரு முறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள், மறக்காது.

கிடங்கு போர்டில் கடைசியில் நான் மாற்றியது ஒரே ஒரு வரி. அந்த இன்ட்டை இன்ட்16_டி ஆக்கினேன். அலாரம் மேல் எல்லைக்கு வைத்திருந்ததால்தான் 4078-ஐப் பார்த்து அன்று இரவே கத்தியது. அதே போர்டில் கீழ் எல்லைக்கும் ஒரு அலாரம் உண்டு. மைனஸ் 30-க்குக் கீழே போனால் அடிக்க வேண்டிய அது, அந்த ஃபர்ம்வேரில் எவ்வளவு குளிர்ந்தாலும் அடித்திருக்காது.